அந்த முழங்கை என்னோடது

இப்படிக் கிட்ட வந்து உட்காரு தாயி. இன்னும் கொஞ்சம். இந்த பஸ்ஸுல இன்ஜின் சத்தத்தைவிட டிரைவர் போட்டிருக்கிற பாட்டுச் சத்தம் பெருசா இருக்கு. நான் கத்திச் சொன்னா பின் சீட்டுல இருக்கிறவனுக்கெல்லாம் கேட்கும். கேட்டாத் தப்பில்ல, ஆனா அவனுங்க சிரிப்பானுங்க. நீ சிரிக்க மாட்ட. முகத்தைப் பார்த்தாலே தெரியுது.

போன்ல படம்தானே பார்த்துக்கிட்டு வந்த? பாரு, பாரு. நானும் படத்துல வந்தவதான். நம்ப மாட்டியே? சினிமா இல்ல தாயி. டாக்குமெண்டரி. அந்தச் சொல்லு என் வாயில நுழையவே ரொம்ப வருசம் ஆச்சு. சினிமாவுல அழுகுறதுக்குக் கண்ணுல ஏதோ மருந்து விடுவாகளாம். டாக்குமெண்டரியில அதெல்லாம் கிடையாது. அதுல எப்படி அழ வைப்பாகன்னு சொல்றேன் கேளு.

எங்க ஊரு ஊத்துப்பட்டி. மேல ஊத்துப்பட்டின்னு ஒண்ணு இருக்கு, அது இல்ல. அது சும்மா ஊரு. எங்களுது கீழ ஊத்துப்பட்டி, படத்துல வந்த ஊரு. சுத்துவட்டாரம் பூரா தீப்பெட்டி வேலை. மானம் பார்த்த பூமி, மானமும் எங்களைப் பார்க்கிறதில்ல.

நிரஞ்சன் சார்னு ஒருத்தர் வந்தாரு, மெட்ராஸ்ல இருந்து. அப்ப அவருக்கு மீசை கருகருன்னு இருக்கும். பள்ளிக்கூடத்துக்குப் போயி, மூணாங்கிளாஸ்ல மூணு பிள்ளைகளைப் பொறுக்கி எடுத்தாரு. என் மகன் தவசிமுத்து ஒருத்தன். சர்ச் உபதேசியார் மகன் எபநேசர் ஒருத்தன். தீப்பெட்டி ஆபீசுல குச்சிக்கு மருந்து முக்குற இருளப்பன் அண்ணன் மக குருவம்மா ஒருத்தி. "இந்த மூணு பேரையும் எட்டு வருசத்துக்கு ஒருக்க வந்து படம் எடுப்பேன். வளர்ந்து என்ன ஆகுறாங்கன்னு உலகத்துக்கே காட்டப்போறேன்"னாரு. "எனக்கு ரொம்பச் சாதாரணமான பிள்ளைங்கதான் வேணும்"னு வேற சொன்னாரு. அதுல எனக்கு அன்னிக்கே வருத்தம்தான். மத்த ரெண்டும் சரி, சாதாரணம். என் மகனை எந்தக் கணக்குல சேர்த்தாரு?

எங்க ஊருல, வெளியாளு ஒருத்தர் கோப்பும் பையுமா வீட்டுக்கு வந்தாருன்னா ஒண்ணு பொண்ணு பார்க்க வந்திருக்கணும், இல்ல ஜப்தி பண்ண வந்திருக்கணும். இவரைப் பார்த்தா ஜப்திக்காரர் மாதிரித் தெரியல. அதனால பொண்ணு பார்க்க வந்த ஏற்பாட்டையே பண்ணிப்போட்டோம். கேசரி, பஜ்ஜி. பிள்ளைகளுக்குத் தலையில எண்ணெய், முகத்துல பவுடரு. நான் கல்யாணப் பட்டுச்சேலையை எடுத்துக் கட்டி, பக்கத்து வீட்டுச் சங்கிலியை வாங்கிப் போட்டு, தலைநிறையக் கனகாம்பரம் வச்சு வாசல்ல நின்னேன். மனுசன் வந்து பார்த்தாரு. பார்த்துட்டுத் தலையில கைய வச்சுக்கிட்டாரு.

"அம்மா, இயல்பா இருங்க."

"அதென்ன சார் இயல்பு?"

"நான் இங்க வரவே இல்லேன்னு நினைச்சுக்கிட்டு இருங்க."

"நீங்க வராட்டி நான் எதுக்கு சார் பட்டுச்சேலை கட்டப்போறேன்?"

தன் கைக்குட்டையை எடுத்து என் மகன் முகத்துப் பவுடரை அவரே துடைச்சாரு. மூணு பிள்ளைகளையும் மண்ணுல உட்கார வச்சு, தீப்பெட்டிக்கு லேபிள் ஒட்டச் சொன்னாரு. என் மகன் அதுவரைக்கும் லேபிள் ஒட்டினதே இல்ல, தாயி. விரலெல்லாம் பசையாகி அழுதுட்டான். "ரொம்ப நல்லாருக்கு. இன்னொருக்க"ன்னாரு. அதுதான் அவரு பேச்சு. இயல்பா இருங்க. இன்னொருக்க. இந்த ரெண்டைத் தவிர எங்க ஊருல அவரு வேற பாஷை பேசி நான் கேட்டதில்ல.

பெறகு ஒவ்வொரு பிள்ளையா நிக்க வச்சு, பெருசானதும் என்ன ஆகப்போறன்னு கேட்டாரு. என் மகன் கலெக்டர்னான். நான் பத்து நாளாச் சொல்லிக்கொடுத்தது, வீண்போகல. எபநேசர், "வீட்டுக்குப் போயிச் சாப்பிடப்போறேன்"னான். குருவம்மா இருக்காளே, அவ இடுப்புல கைய வச்சுக்கிட்டு அவரை மேலயும் கீழயும் பார்த்தா. "நீங்க என்ன ஆகப்போறீங்க?"ன்னு கேட்டுப்புட்டா. எட்டு வயசுக் கழுதை! அவரு விழுந்து விழுந்து சிரிச்சாரு. அன்னிக்கே நான் சொன்னேன், இது சரியில்லாத கழுதைன்னு.

அந்த முதல் படத்துல நானும் இருக்கேன். நீ போன்ல தட்டினா வரும். என் மகன் வாசல்ல உட்கார்ந்திருக்கும்போது கதவோரமா ஒரு முழங்கை தெரியும், சிவப்புக் கண்ணாடி வளையலோட. அது என்னோடது.

கண்டக்டர் தம்பி, ரெண்டு பேருக்கும் சேர்த்து வாங்கிட்டாச்சு, போப்பா. சும்மா சும்மா வந்து நிக்கிறான்.

எட்டு வருசம் கழிச்சு மறுபடியும் வந்தாரு. மீசையில உப்பு விழுந்திருந்துச்சு. இந்தத் தடவை நான் பட்டுக்கட்டல, விவரமாயிட்டேன்ல. கடைக்காரர் வீட்டு ஃப்ரிட்ஜை நாலு பேரை விட்டுத் தூக்கியாந்து நடுவீட்டுல வச்சேன். பிளக் செருக இடமில்ல, ஆனாப் பார்க்க நல்லாருந்துச்சு. அவரு வந்து அதே நாலு பேரை விட்டுத் திருப்பி அனுப்பிட்டாரு. டீவி மேல பாயைப் போட்டு மூடினாரு. தெருக்குழாயை அடைச்சுட்டு, பொம்பளைகளைக் குடத்தோட கிணத்துக்குப் போகச் சொன்னாரு.

"குழாய் வந்து எம்புட்டு நாளாச்சு சார்! கிணத்துல இப்ப தவளைதான் குடியிருக்கு"ன்னேன்.

"போன படத்துல கிணறு வந்துச்சும்மா. இப்பவும் வந்தாத்தான் தொடர்ச்சியா இருக்கும்."

"போன படத்துல எங்க மாமியார் கட்டில்ல படுத்திருந்தாகளே சார், அவுக போயிச் சேர்ந்துட்டாக. அதுக்கு என்ன பண்ணப்போறீங்க?"

யோசிச்சாரு தாயி! நெசமாவே நாடியைத் தடவிக்கிட்டு யோசிச்சாரு.

இப்ப நல்லாக் கேட்டுக்கோ, இதுதான் முக்கியம். அந்த வாரம்தான் பத்தாங்கிளாஸ் ரிசல்ட்டு. குருவம்மா பள்ளிக்கூடத்துலயே முதலா வந்திருந்தா. உச்சி வெயில். கிணத்துப் பக்கத்துப் பாறையில அவளை நிக்க வச்சு, அப்பன் இருளப்பனை எதுக்கால உட்கார வச்சாரு. நான் வெளிச்சம் தெறிக்கிறதுக்குத் தெர்மாகோல் அட்டையைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். அது ஒண்ணும் லேசுப்பட்ட வேலை இல்ல. கொஞ்சம் ஆடினா முகத்துல நிழல் விழுந்துரும்.

"மகளை மேல படிக்க வைப்பீங்களாய்யா?"ன்னு கேட்டாரு.

"வைக்காம? கோவில்பட்டியில பணம் கட்டிட்டு வந்துட்டேன்ல"ன்னாரு இருளப்ப அண்ணன், வாயெல்லாம் பல்லு.

நிரஞ்சன் சாருக்கு முகம் சுண்டிப்போச்சு. பக்கத்துல போயிக் குத்தவச்சு, ரொம்பத் தன்மையா, "ஐயா, இப்படிச் சொன்னீங்கன்னா படம் இங்கேயே முடிஞ்சுபோயிரும். ஒரு பேச்சுக்கு வேண்டாம்னு சொல்லுங்க. ‘படிச்சு என்னத்தக் கிழிக்கப்போறா, தீப்பெட்டி ஆபீசுக்குப் போகட்டும்’னு சொல்லுங்க. பெறகு நீங்க சம்மதிச்சதையும் காட்டிருவேன்"னாரு. இருளப்ப அண்ணனுக்கு அந்தப் பேச்சு வாயில வரல. ஆனா வீடு தேடி வந்த மனுசன் கேட்கிறாரு, எப்படி இல்லேங்கிறது? எங்க ஊருல விருந்தாளி கொழம்புக்கு உப்புப் பத்தலேன்னு சொன்னா, பத்தியிருந்தாலும் இன்னும் கொஞ்சம் போட்டுத்தான் ஊத்துவோம். சொன்னாரு. "இன்னொருக்க"ன்னாரு சார். சொன்னாரு. "கோவமா, இன்னொருக்க." சொன்னாரு.

குருவம்மாவை, "செருப்பைக் கழட்டிரும்மா, போன படத்துல வெறுங்காலோட நின்ன"ன்னாரு. வெயில் பாறை. தோசைக்கல்லு கெட்டுது. இன்னொருக்க, இன்னொருக்கன்னு அவரு சொல்லிக்கிட்டே இருக்க, அவ காலை மாத்தி மாத்தி வச்சுப் பார்த்தா, கடைசியில பொலபொலன்னு கண்ணுல தண்ணி வந்துருச்சு. கேமரா அந்தக் கண்ணீரை அப்படியே பிடிச்சுக்கிச்சு. எனக்குச் செருப்பு இருந்துச்சு. தெர்மாகோல் பிடிக்கிறவளுக்கு வெறுங்கால் வேண்டாம்னுட்டாரு.

அந்தப் படம் டீவியில வந்துச்சு. நாங்க ஊரே உட்கார்ந்து பார்த்தோம். அந்தப் பிள்ளை அழுகையைப் பார்த்து அழாத ஆளு இல்ல. வெளிநாட்டுல என்னவோ பரிசு கொடுத்தாகளாம். பத்திரிகை அட்டையில, காலண்டர்ல எல்லாம் அந்த அழுகைதான். அப்பன் சம்மதிச்சது வரல. அது எங்கியோ விட்டுப்போச்சு.

அதுல இருந்து இருளப்பன் அண்ணன் பேரு கெட்டுப்போச்சு. நான் பொதுவா யாரையும் ஒண்ணும் பேசுறவ இல்ல, ஆனா அன்னிக்கு நானே தெருவுல நின்னு கேட்டேன், "ஏண்ணே, இப்படியா ஒரு அப்பன் இருப்பான்?"ன்னு. அவரு என்னை ஒரு மாதிரியாப் பார்த்தாரு. "ஏம்மா, நீ அட்டையைப் பிடிச்சுக்கிட்டுப் பக்கத்துலதானே நின்ன?"ன்னாரு. நின்னேன், யாரு இல்லேன்னா? ஆனா நேர்ல வெயிலு, கைவலி, ஒண்ணும் சரியாத் தெரியல. டீவியிலதானே நல்லாத் தெரிஞ்சுது!

அவரும்தான் என்ன பண்ணுவாரு, தினமும் காலையில மகளைச் சைக்கிள்ல வச்சு மெயின் ரோட்டு பஸ்ஸுக்குக் கூட்டிட்டுப் போவாரு. டீக்கடையில உட்கார்ந்து, "பாருய்யா, மகளைப் படிக்க வைக்காத பாவி போறான்"னு பேசுவாங்க. பின்னால கேரியர்ல புத்தகப்பையோட அந்தப் பிள்ளை உட்கார்ந்திருக்கும். விசேஷ வீட்டுல சீர்த்தட்டுத் தூக்க அவரைக் கூப்பிடுறதை விட்டுட்டாக. எவனாவது பொம்பளப் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்தினா, "இருளப்பன் வேலை பார்க்காதய்யா"ம்பாக. ஹெட்மாஸ்டர் வருசா வருசம் பெத்தவங்க கூட்டத்துல அந்தப் படத்தைப் போட்டுக் காட்டுவாரு, இப்படி இருக்கக் கூடாதுன்னு. அண்ணன் அந்தக் கூட்டத்துக்கும் போயிப் பின்னாடி பெஞ்சுல உட்கார்ந்திருப்பாரு. அவரும் பெத்தவருதானே.

மூணாவது தடவை சார் வந்தப்ப குருவம்மா டிகிரி முடிச்சு, ரயில்வே பரீட்சை எழுதி, ஸ்டேஷன்ல டிக்கெட் கொடுக்கிற வேலையில உட்கார்ந்துட்டா. கல்யாணமும் ஆயிருச்சு. என் மகன் அப்ப கட்டில்ல இருந்தான். சும்மா ஓய்வுதான். குருவம்மா கேமராவைப் பார்த்துத் தெளிவாச் சொன்னா, "எங்கப்பா முதல்லயே சம்மதிச்சாரு. நீங்கதான் மாத்திச் சொல்லச் சொன்னீங்க. இதைப் படத்துல போடுங்க சார்"னு. அவரும் கேட்டுக்கிட்டு, கண்ணு கலங்கி, "கட்டாயம்மா"ன்னாரு. படம் வந்துச்சு. அந்தப் பேச்சைக் காணோம். அதுக்குப் பதிலா ஒரு கனமான குரல் சொல்லுது, "எங்கள் படம் வெளிவந்த பிறகே இந்தத் தந்தையின் மனம் மாறியது"ன்னு. கேட்டா, "நீளம் ஜாஸ்தியாயிருச்சும்மா"ன்னாராம் போன்ல.

நானும் அதை நம்பித்தான் இருந்தேன். அம்புட்டுக் கனமான குரல்ல பொய் சொல்லுவாங்களா?

இந்த வளைவுல கம்பியைப் பிடிச்சுக்கோ தாயி. ஒவ்வொரு தடவையும் இதே இடத்துல தூக்கிப் போடுவான்.

இப்ப நாலாவது தடவைக்கு வர்றேன். சாருக்கு மீசையே இல்ல, எடுத்துட்டாரு. இருளப்ப அண்ணனுக்கு மருந்து முக்கின நெஞ்சு, மூச்சு இரைக்கும், பிளாஸ்டிக் சேர்ல உட்கார்ந்தே இருப்பாரு. அவரைப் பார்த்துக்கணும்னு குருவம்மா ஊருக்கே வந்துட்டா. ஸ்கூட்டியில வேலைக்குப் போயிட்டு வருவா. அவ மக ஆதிரை, அதே பள்ளிக்கூடத்துல மூணாங்கிளாஸ். தாத்தான்னா உயிரு. அவரு கையால பிசைஞ்சு கொடுத்தாத்தான் சாப்பிடும். ஒருநாள் பள்ளிக்கூடத்துல கூட்டம் போட்டு, படம் போட்டாக. பிள்ளை அதைப் பார்த்துட்டு வந்துச்சு. சாயங்காலம் அவரு உருண்டையை நீட்டுறாரு, அது கையைத் தள்ளிவிட்டுட்டு, "நீங்க ஏன் அம்மாவை அழ வச்சீங்க?"ன்னு கேட்டுருச்சு. அன்னைக்கு இருந்து அது அவரு பக்கத்துலயே போகல. பால் டம்ளர் கொண்டுபோயிக் கொடுக்கச் சொன்னா, வாசப்படியில வச்சுட்டு ஓடிருது. அண்ணன் சோத்துத் தட்டைப் பாதியிலயே நகர்த்தி வச்சுருவாரு. அம்புட்டுத்தான்.

குருவம்மா இதையெல்லாம் பார்த்துக்கிட்டு வாயே திறக்கல. அவ வாயைத் திறக்கலேன்னாலே நான் எச்சரிக்கையா இருந்திருக்கணும்.

எனக்கு அந்தச் சமயம் வேற வேலை. என் மகனுக்குப் பொண்ணு பார்த்துக்கிட்டு இருந்தோம். வயசு கொஞ்சம் முத்திப்போச்சு. ஆனா வேலை நல்ல வேலை. கலெக்டர் ஆபீசுலதான் இருக்கான். சும்மா சொல்லல, கலெக்டரே அவன் கையால கொடுக்கிற டீயைத்தான் குடிக்கிறாரு. எட்டு வயசுல சொன்ன சொல்லை எம்புட்டுக்கு நெருங்கிட்டான் பாரு! இந்தப் படத்துல வெள்ளைச்சட்டையோட அந்த ஆபீசு வாசல்ல நடந்து வர்ற மாதிரி எடுத்தாக. படத்தை ஊருல போட்டுக் காட்டுறன்னிக்கு பொண்ணு வீட்டுக்காரங்களைக் கூப்பிட்டு முன்வரிசையில உட்கார வச்சுரணும்னு நான் திட்டம் போட்டிருந்தேன். என் திட்டத்துல மண்ணள்ளிப் போட்டவதான் அந்தக் கழுதை.

சார் அவகிட்டப் போயி, "அந்தக் கிணத்தடிக் கட்டம் மறுபடி வேணும்மா. அதே பாறை, அதே இடம், அப்பாவும் இருக்கணும். உலகமே அந்தக் கண்ணீருக்காகக் காத்துக்கிட்டிருக்கு"ன்னாரு. நான் பக்கத்துலதான் இருந்தேன். மாட்டேன்னு முகத்துல அடிச்ச மாதிரிச் சொல்லுவான்னு பார்த்தா, பவ்யமா, "சரி சார்"ங்கிறா! "ஆனா எங்கப்பாவுக்கு எல்லாம் மறந்துபோச்சு சார். அன்னிக்கு நீங்க எப்படிச் சொல்லிக்கொடுத்தீங்களோ, அப்படியே ஒண்ணுவிடாம மறுபடி சொல்லிக்கொடுங்க. அப்பதான் இயல்பா வரும்"ங்கிறா. சாருக்கு மனசு குளிர்ந்துபோச்சு.

"இன்னொண்ணு சார். நீங்க வேலை செய்றதை எங்க எபநேசர் ஓரமா நின்னு எடுத்துக்கட்டும். எங்க வீட்டுல ஞாபகமா வச்சுக்குவோம்"ன்னா. எபநேசர் இப்ப கல்யாண வீடியோ எடுக்கிறான். பெரிய திரை, மைக் செட்டு எல்லாம் வாடகைக்கு விடுறான். எட்டு வயசுல சாப்பிடப்போறேன்னு சொன்னவன், இன்னிக்கு ஒரு கல்யாணச் சாப்பாடு விடாமச் சாப்பிடுறான். அந்த மூணு பேருல சொன்ன சொல்லைக் காப்பாத்தினது அவன்தான். சாரும், "ஓ, என்னையா? எடுக்கட்டுமே!"ன்னு தலைமுடியைக் கோதிவிட்டுக்கிட்டாரு.

மறுநாள் உச்சிவெயில்ல எல்லாரும் கிணத்தடியில. நான் தெர்மாகோலோட. இத்தனை வருச அனுபவம், என்னை விட்டா வேற யாரு? சார் அண்ணன் பக்கத்துல குத்தவச்சாரு.

"ஐயா, ஞாபகப்படுத்துறேன். அன்னிக்கு நீங்க மகளைப் படிக்க வைக்கிறேன், பணம் கட்டிட்டேன்னுதான் சொன்னீங்க. நான்தான் அப்படிச் சொன்னாப் படம் முடிஞ்சுபோயிரும், வேண்டாம்னு சொல்லுங்கன்னேன். ஞாபகம் வருதா?"

அண்ணன் இருமி முடிச்சுட்டு, "நல்லா ஞாபகம் இருக்குய்யா"ன்னாரு.

"‘படிச்சு என்னத்தக் கிழிக்கப்போறா’ன்னு சொல்லணும். கோவமா."

"ஒருக்கச் சொன்னதே இன்னும் தீரலய்யா."

சார் அதைக் காதுல வாங்கல. குருவம்மா பக்கம் திரும்பி, "நீ செருப்பைக் கழட்டிரும்மா. அன்னிக்கும் பாறை சுட்டுத்தானே கண்ணீர் வந்துச்சு"ன்னாரு.

"ஆமா சார். எம்புட்டு நேரம் நின்னாத் தண்ணி வரும்?"

"அன்னிக்குக் கொஞ்ச நேரம்தான். நீ ரொம்ப இயல்பா அழுத."

"பெறகு எங்கப்பா சம்மதிச்சதையும் காட்டுறேன்னீங்களே சார்?"

"அது வச்சா இந்தக் கட்டத்துக்கு வலு போயிரும்னு எடுத்துட்டேன்மா"ன்னு சிரிச்சாரு.

அவளும் சிரிச்சா. செருப்பைக் கழட்டாமலே நின்னா. "இன்னிக்கு வெயில் பத்தாது போலருக்கே சார், கண்ணுல தண்ணி வரமாட்டேங்குது"ன்னுட்டு, அப்பனைக் கைத்தாங்கலாப் பிடிச்சு எழுப்பிக் கூட்டிட்டுப் போயிட்டா. சார், பரவாயில்ல, பழைய அழுகையவே மறுபடி போட்டுக்கிடலாம்னுட்டாரு.

சில மாசம் கழிச்சு, பள்ளிக்கூட மைதானத்துல படம் போட்டுக் காட்டினாக. பொழுது சாய்ஞ்ச நேரம். எபநேசர் திரைதான், எபநேசர் மைக்குதான். வெளிநாட்டுல இருந்து ஒரு வெள்ளைக்காரம்மா வந்திருந்தாக. எங்களை மாதிரியே கனகாம்பரம் வச்சிருந்தாக. யாரும் அவுககிட்ட இயல்பா இருங்கன்னு சொல்லல. முன்வரிசையில என் மகனுக்குப் பார்த்த பொண்ணு வீட்டுக்காரங்க. நான் அவுகளுக்குக் கலர் சோடா வாங்கிக் கொடுத்து உட்கார வச்சிருந்தேன்.

"படத்துக்கு முன்னால ஊர்ப் பொதுமக்கள் சார்புல சாருக்கு ஒரு நன்றி வீடியோ"ன்னு எபநேசர் மைக்குல சொன்னான். சார் எழுந்திரிச்சுக் கைகூப்பினாரு. திரையில ஒரு தாமரைப்பூ விரியுது, அதுக்குள்ள இருந்து நிரஞ்சன் சார் முகம் வருது. ரோஜா இதழ் கொட்டுது. ரெண்டு புறா பறந்து வந்து அவரு தலைமேல இதயம் போடுது. கல்யாண வீடியோவுக்கு வச்சிருக்கிறதைத்தானே அவன் போடுவான்! ஊரே கைதட்டுது.

அடுத்து கிணத்தடி. சார் குத்தவச்சு உட்கார்ந்திருக்காரு. ஒரு வார்த்தை விடாம வருது, தாயி. "நீங்க மகளைப் படிக்க வைக்கிறேன், பணம் கட்டிட்டேன்னுதான் சொன்னீங்க. நான்தான்..." பெறகு செருப்பு, பாறை, வலு போயிரும்னு எடுத்துட்டேன், எல்லாம். கைதட்டு அப்படியே நின்னுபோச்சு. ஒரு இருமல் சத்தம் கிடையாது. திரையில இருமுறது இருளப்ப அண்ணன் மட்டும்தான்.

அதுல ஒண்ணு சொல்லணும். திரையில சாருக்குப் பின்னால, தெர்மாகோலைப் பிடிச்சுக்கிட்டு நான்! முழங்கை இல்ல தாயி, முழு ஆளு! மூக்குத்தி மின்னுது. இத்தனை வருசத்துல முதல்தடவையா முழுசா வந்துட்டேன். நான் சந்தோசமாத் திரும்பிப் பார்க்கிறேன், ஊரே என்னைப் பார்க்குது. டீக்கடைக்காரன் கேட்கிறான், "ஏத்தா, அன்னிக்கும் நீதானே அட்டை பிடிச்ச? உனக்குத் தெரியும்தானே? ஏன் சொல்லல?"ன்னு. என்கிட்ட யாருப்பா கேட்டா? கேட்டிருந்தாச் சொல்லியிருக்கப் போறேன். என்னவோ நான் மட்டும் ஒளிச்சு வச்ச மாதிரி! பொண்ணு வீட்டுக்காரரும் குடிச்ச கலரைக் கீழ வச்சுட்டு என்னையே பார்க்கிறாரு. அதுல இருந்து அவுக பேச்சு சரியில்ல. என் மகன் பாகம் ஓடியிருந்தா எல்லாம் சரியாப் போயிருக்கும். எங்க ஓட விட்டாக?

ஹெட்மாஸ்டர் எழுந்து போயி, பின்னாடி பெஞ்சுல இருந்த அண்ணனைக் கையைப் பிடிச்சு முன்னாடி கூட்டிட்டு வந்து, தன் சேர்ல உட்கார வச்சாரு. அவருக்கும் வேற என்ன பண்றதுன்னு தெரியல. ஆதிரைப் பிள்ளை அம்மா சேலையைப் பிடிச்சுக்கிட்டு நின்னுச்சு. மெல்லத் தாத்தா பக்கம் போச்சு. அவரு மடியில ஒரு காராச்சேவுப் பொட்டலம் இருந்துச்சு. பிள்ளை வாயை மட்டும் திறந்து காட்டிக்கிட்டு நின்னுச்சு. அண்ணன் ஒவ்வொரு சேவா எடுத்து அது வாயில போட்டாரு. ரெண்டு கீழ விழுந்துச்சு.

அதைப் பார்த்த நிரஞ்சன் சாருக்குத் தாங்கல. நேரா வந்து அண்ணன் கால்மாட்டுல முட்டிபோட்டு, அவரு ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டு அழுதாரு. "மன்னிச்சிருங்கய்யா, உங்க பேரைக் கெடுத்துட்டேன்"னு தேம்பித் தேம்பி அழுதாரு. வெள்ளைக்காரம்மாவும் அழுதாக. நானும் அழுதேன், என் மகன் பாகம் இனி ஓடாதுன்னு. இருளப்ப அண்ணன்தான் பாவம், "விடுங்கய்யா, எந்திரிங்கய்யா, வேட்டி... பேண்டு அழுக்காகுது"ன்னு அவரைத் தேத்துறாரு.

குருவம்மா எபநேசரைப் பார்த்தா. அவன் கேமராவைத் தோள்ல வச்சுக்கிட்டு உதட்டைப் பிதுக்கினான்.

அவ மெதுவா வந்து சார் பக்கத்துல குத்தவச்சா. ரொம்பத் தன்மையா, அவரு தோளைத் தொட்டு, அவரு குரல்லயே சொன்னா:

"ரொம்ப நல்லாருந்துச்சு சார். ஆனா கேமரா ஓடல. இன்னொருக்க. இயல்பா இருங்க."

அவரு அழுகையை நிறுத்திட்டு அவளையே பார்த்தாரு. அவ சிரிக்கல. குனிஞ்சு, அவரு கால்ல இருந்த ஷூவை ஒவ்வொண்ணாக் கழட்டி, கேமராவுல தெரியாத தூரத்துக்குக் கொண்டுபோயி ஜோடியா வச்சுட்டு வந்தா.